தன்னை ஆராய இன்னொருவர்



அன்றாடம் தன்னைத் தானே ஆராய்ந்து பார்ப்பது பற்றிப் பேசப்போகிறேன். எல்லோரும் பேசுகிற பொருள்தான். ரயில் நிலையப் புத்தகக் கடையிலிருந்து கைப்பேசியில் வரும் விடியற்காலைக் காணொளி வரை, 'உனக்குள் பார்' என்ற அறிவுரை நம்மைச் சூழ்ந்திருக்கிறது. பார்க்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தனியே உட்கார்ந்து தனக்குள் பார்க்கிறவருடைய கண்ணில் எது படும், எது படாமல் போகும் என்ற கேள்வியை அந்த அறிவுரைகள் தொடுவதே இல்லை. இன்றைய உரை முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியே இருக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன்னாய்வு செய்கிறவர் தன்னிடம் கேட்டுக்கொள்ளும் கேள்விகளில் ஒன்றையாவது இன்னொருவரிடமிருந்து பெற வேண்டும். அந்த இன்னொருவர், நம் சொல்லாலும் செயலாலும் பாதிக்கப்படக்கூடிய இடத்தில் இருப்பவராக இருக்க வேண்டும். அப்படிப் பெறாவிட்டால், எத்தனை ஆண்டு நாட்குறிப்பு எழுதினாலும், நமக்கு ஏற்கெனவே தெரிந்த குறைகளையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருப்போம்.

இதற்கு நான் அறிந்தவற்றுள் மிகச் சிறந்த சான்று பெஞ்சமின் பிராங்க்ளின். 1706-இல் பாஸ்டன் நகரில் பிறந்து, பிலடெல்பியாவில் அச்சுக்கூடம் வைத்து முன்னுக்கு வந்தவர். 1730-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இருபதுகளில் இருந்த அந்த இளைஞர், குற்றமே இல்லாமல் வாழ்வது என்று ஒரு திட்டம் போட்டார். உணவில் அளவு, வாயடக்கம், ஒழுங்கு, உறுதி, சிக்கனம், உழைப்பு, வாய்மை, நீதி, மிதம், தூய்மை, மன அமைதி, புலனடக்கம் என்று 12 நற்குணங்களை எழுதிக்கொண்டார். ஒரு சிறு கையேட்டில் பக்கத்துக்கு ஏழு பத்திகள், வாரத்தின் ஏழு நாட்களுக்காக. குறுக்கே குணத்துக்கு ஒரு வரிசை. அன்று எந்தக் குணத்தில் தவறினாரோ அந்தக் கட்டத்தில் ஒரு கரும்புள்ளி. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடித்தால் எதுவும் கைகூடாது என்பதை அவர் அறிந்திருந்தார். அதனால் ஒரு வாரம் ஒரே ஒரு குணத்தின் மீது முழுக் கவனம் வைத்தார். பின்னால் ஒரு குணம் சேர்ந்து 13 ஆனது. 13 வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று. காலையில் எழுந்ததும் இன்று என்ன நன்மை செய்யப்போகிறேன் என்றும், இரவு படுக்குமுன் இன்று என்ன நன்மை செய்தேன் என்றும் கேட்டுக்கொள்வார்.

இந்தத் திட்டத்தை இன்று படித்துப் பார்த்தாலும் அதன் நேர்த்தி வியக்க வைக்கிறது. பழைய புள்ளிகளை அழித்து அழித்துப் பக்கங்கள் ஓட்டையாகிவிட்டன. அதனால் தந்தத் தகடுகள் கொண்ட ஒரு குறிப்பேட்டுக்கு மாறினார். சிவப்பு மையில் கோடு, பென்சிலில் புள்ளி, ஈரப் பஞ்சால் துடைத்தால் அழிந்துவிடும். தான் நினைத்திருந்ததைவிடத் தன்னிடம் குறைகள் மிகுதி என்று கண்டு திகைத்ததையும், ஒழுங்கு என்ற குணம் கடைசிவரை தனக்குப் பிடிபடவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். இதையெல்லாம் அவர் எழுதியது 1784-இல், பாரிசுக்கு அருகே பாஸி என்ற ஊரில், 79-ஆம் வயது நடந்துகொண்டிருந்தபோது. தன் வாழ்வின் நலத்துக்கெல்லாம் அந்தச் சிறு கையேட்டுக்கு நன்றி சொல்கிறார்.

பதின்மூன்றாவது குணம் எப்படி வந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் அவரிடம் வந்து, 'உன்னை ஊரில் எல்லோரும் கர்வி என்கிறார்கள். பேச்சில் நீ சரியாக இருந்தால் மட்டும் உனக்குப் போதவில்லை, எதிரில் இருப்பவரை நசுக்கப் பார்க்கிறாய்' என்ற பொருள்பட எடுத்துச் சொன்னார். வெறுமனே சொல்லவில்லை, நடந்த நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாக நினைவூட்டினார். பிராங்க்ளின் ஒப்புக்கொண்டு, பணிவு என்பதைப் பட்டியலில் சேர்த்தார். தனியே சிந்தித்து அவர் கண்டெடுத்த 12 குணங்களில் பணிவு இல்லை! பேச்சையும் மாற்றிக்கொண்டார். 'நிச்சயமாக', 'ஐயமில்லாமல்' போன்ற சொற்களை விட்டுவிட்டு, 'எனக்கு இப்போதைக்கு இப்படித் தோன்றுகிறது' என்று பேசப் பழகினார். பொதுவாழ்வில் தன் சொல்லுக்கு மதிப்பு ஏற்பட்டதற்கு, தன் நேர்மைக்கு அடுத்தபடியாக, இந்தப் பழக்கமே காரணம் என்று முதுமையில் அவரே கணக்கிட்டார். பணிவு உண்மையில் வந்துவிட்டதா என்று தனக்குத் தெரியாது, அதன் தோற்றமாவது வந்தது என்றும் எழுதினார். ஆக, அவருடைய பொதுவாழ்வை மாற்றிய குணம், வேறொருவர் வாய்விட்டுச் சொல்லிக் கிடைத்த குணம்.

இனிச் சொல்லப்போவது கசப்பானது. கையேட்டில் எட்டாவது இடத்தில் இருந்தது நீதி. யாருக்கும் தீங்கு செய்யாமலும், செய்ய வேண்டிய நன்மையைத் தவற விடாமலும் இருப்பது என்று அதற்கு அவர் விளக்கம் எழுதினார். அதே ஆண்டுகளில் அவருடைய செய்தித்தாளில் அடிமைகளை விற்கும் விளம்பரங்கள் வெளியாயின. அவர் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்கள். 1757-இல் லண்டனுக்குப் போனபோது பீட்டர், கிங் என்ற இருவரை உடன் அழைத்துச் சென்றார், கிங் ஓடிப்போனார். பின்னர் சஃபோக் பகுதியில் ஒரு பெண்மணியின் வீட்டில் இருப்பது தெரியவந்தது. அந்தப் பெண்மணி அவருக்கு எழுதப் படிக்கவும் வயலின் வாசிக்கவும் கற்றுக்கொடுத்திருந்தார். இதை 1760-இல் பிராங்க்ளினே தன் மனைவிக்கு எழுதுகிறார்.

நீதி என்ற வரிசையில் ஒரு புள்ளிகூட வைக்காமல் அவர் உறங்கிய இரவுகள் இருந்திருக்கும். அவர் பொய்யர் அல்லர். அவரைவிட நேர்மையாகத் தன் குறைகளைக் கணக்கெடுத்தவர்கள் குறைவு. ஆனால் கட்டம் போட்டவர் அவர், குணங்களைத் தேர்ந்தவர் அவர், புள்ளி வைத்தவரும் அவர். அந்த வீட்டின் அடிமைகளிடம் ஒருவேளை அந்தப் பென்சிலைக் கொடுத்திருந்தால் எந்தக் கட்டத்தில் எத்தனை புள்ளி விழுந்திருக்கும்? தன்னாய்வு பற்றிய எந்த நூலைப் படித்தாலும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் எழுப்ப வேண்டும் என்பது என் கருத்து.

அவர் மாறினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். எப்படி மாறினார்? இடித்துரைத்த குரல்கள் அவரைச் சுற்றி வெகுகாலமாக இருந்தன. 1737-இலேயே பெஞ்சமின் லே என்ற குவேக்கர், அடிமை வைத்திருப்போரைக் கடுமையாகச் சாடி எழுதிய நூலைப் பிராங்க்ளின்தான் அச்சிட்டார்; அதில் அச்சிட்டவர் பெயர் இடம்பெறவில்லை. அந்தக் குரல் அவருடைய அச்சுக்கூடத்துக்குள் வந்தும் அவருடைய கையேட்டுக்குள் போகவில்லை. பிறகு 1763-இல், பிலடெல்பியாவில் கறுப்பினக் குழந்தைகளுக்காக நடந்த ஒரு பள்ளிக்கு நேரில் போய்ப் பார்த்தார். புரிந்துகொள்ளும் வேகத்திலும் நினைவாற்றலிலும் அந்தக் குழந்தைகள் வெள்ளைக் குழந்தைகளுக்கு எவ்விதத்திலும் குறைந்தவர்கள் அல்லர் என்று கண்டு, தன் முந்தைய எண்ணத்தை மாற்றிக்கொண்டதாக எழுதினார். 1787-இல் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில் அடிமை முறையை ஒழிக்கக் கோரி அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன மனுவில் கையெழுத்திட்டார். அந்த ஏப்ரலில் இறந்தார். கையேட்டுக்கும் அந்த மனுவுக்கும் இடையே ஏறத்தாழ 60 ஆண்டுகள்! வகுப்பறையில் அந்தக் குழந்தைகள் முன் நின்ற ஒரு நாள் செய்த வேலையை, புள்ளி வைத்த அத்தனை இரவுகளும் செய்யவில்லை.

பிராங்க்ளினுக்கு வெகு முன்னால், ரோமில் செனகா என்ற தத்துவஞானி இதே பழக்கத்தை வைத்திருந்தார். சினம் பற்றிய தன் நூலின் மூன்றாம் பகுதியில் அதை விவரிக்கிறார். விளக்கை எடுத்துச் சென்ற பிறகு, பழக்கம் தெரிந்த மனைவி பேசாமல் இருக்க, அன்றைய நாள் முழுவதையும் அவர் தன் முன் நிறுத்தி விசாரிப்பார். அழகான காட்சி என்று பலரும் இதைப் போற்றுகிறார்கள். எனக்கோ அந்த அம்மையாரின் மௌனம் உறுத்துகிறது. அந்த நாளை உடனிருந்து பார்த்த சாட்சி, ஒரு கை தூரத்தில் படுத்திருக்கிறார். விசாரணை நடப்பதற்காக அவர் வாய்மூடி இருக்க வேண்டியிருக்கிறது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீரோ மன்னன் தன் தாயைக் கொன்றபின், அதற்குச் சமாதானம் சொல்லிச் செனட் சபைக்குப் போன கடிதத்தை எழுதியவர் செனகா என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்கிறார். அன்று இரவும் விளக்கு அணைந்திருக்கும்.

இங்கே ஒரு தடை எழலாம். மனைவியிடம் எல்லாவற்றையும் திறந்து காட்டிய ஒருவர் இருந்தாரே, ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய், அவருக்கு என்ன ஆயிற்று? நியாயமான கேள்வி. டால்ஸ்டாய் 1847-இல், 18 வயதில், கசான் நகரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். சில ஆண்டுகளில் பிராங்க்ளினின் முறையைப் பின்பற்றித் தன் பலவீனங்களுக்கென்றே தனி ஏடு வைத்தார். 1862-இல் திருமணத்துக்கு முன், தன் பழைய வாழ்வின் அழுக்கெல்லாம் அடங்கிய நாட்குறிப்புகளை, 18 வயதுப் பெண்ணான சோபியாவிடம் படிக்கக் கொடுத்தார். அவள் அழுதாள். அந்தக் காயம் அவளுக்கு வாழ்நாள் முழுதும் ஆறவில்லை. அவளும் நாட்குறிப்பு எழுதினாள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தார். படிக்கப்போகிறார் என்று தெரிந்தே எழுதினார்கள். கடைசியில், 1910-இல், தனக்கு மட்டும் என்று டால்ஸ்டாய் ஒரு ரகசிய ஏடு வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த ஆண்டே ஒருநாள் விடியுமுன் வீட்டைவிட்டுப் போய், அஸ்தாபோவோ என்ற சிறு ரயில் நிலையத்தில் உயிர்விட்டார்.

அந்தப் பேருள்ளத்தின் மீது எனக்குள்ள மதிப்பு கொஞ்சமும் குறையாமல் சொல்கிறேன்: அவர் மனைவியிடம் கொடுத்தது வாக்குமூலம். வாக்குமூலம் கொடுப்பவருக்குப் பாரம் இறங்குகிறது. கேட்பவர் தலையில் ஏறுகிறது. சோபியா கேட்காத கேள்விகளுக்கு அவர் ஆயிரம் பதில் எழுதினார். 'என்னால் உனக்கு இன்று என்ன சிரமம்?' என்று கேட்டிருந்தால் எழுத வேண்டிய நாட்குறிப்பு வேறாக இருந்திருக்கும்.

அந்தக் கேள்வியையே ஒரு முறையாக ஆக்கியவர் ஜப்பானில் இருந்தார். யோஷிமோதோ இஷின், 1916-இல் நாரா மாநிலத்து யமாதோ-கோரியாமா ஊரில் பிறந்தவர். ஜோதோ ஷின்ஷு என்ற பௌத்தப் பிரிவைச் சேர்ந்த சிலர், உணவும் நீரும் உறக்கமும் இல்லாமல் தம்மைத் தாமே சோதிக்கும் ஒரு கடும் நோன்பைப் பின்பற்றி வந்தார்கள். யோஷிமோதோ அதைச் செய்து பார்த்துப் பலமுறை தோற்று, 1937-இல் நிறைவேற்றினார். பிறகு அதிலிருந்த பட்டினியையும் விழிப்பையும் நீக்கி, சமயச் சடங்குகளையும் அகற்றி, யாரும் செய்யக்கூடிய ஒரு பயிற்சியாக மாற்றினார். அதற்கு நைகான் என்று பெயர். வணிகத்தில் ஈட்டிய பொருளோடு 1953-இல் தொழிலிலிருந்து விலகித் தன் ஊரிலேயே பயிற்சி நிலையம் அமைத்தார். அடுத்த ஆண்டிலிருந்து சிறைச்சாலைகளிலும் அது பரவியது. 1988-இல் காலமானார்.

ஒரு வாரப் பயிற்சி இது. அறையின் மூலையில் ஒரு மடக்குத் திரைக்குப் பின்னால், விடியற்காலையிலிருந்து இரவு வரை ஒருவர் அமர்ந்திருப்பார். முதலில் தாயை எடுத்துக்கொள்ள வேண்டும். பள்ளி தொடங்கிய வயதிலிருந்து, இரண்டு மூன்று ஆண்டுகளாகப் பிரித்துக்கொண்டு, மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். அவரிடமிருந்து நான் பெற்றது என்ன? அவருக்கு நான் திருப்பிச் செய்தது என்ன? அவருக்கு நான் கொடுத்த தொல்லை என்ன? ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வழிகாட்டி வந்து, திரைக்கு முன் தலைதாழ்த்தி வணங்கி, என்ன கண்டீர்கள் என்று கேட்பார். கேட்டுக்கொள்வார், அறிவுரை சொல்ல மாட்டார். தாய்க்குப் பிறகு தந்தை, உடன்பிறந்தோர், மனைவி, ஆசிரியர், மேலாளர் என்று வரிசை நீளும். தரும் நேரத்தில் பாதிக்கு மேல் மூன்றாவது கேள்விக்கே ஒதுக்க வேண்டும் என்பது விதி.

எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. 'அம்மா என்மீது அன்பாக இருந்தார்' என்று சொன்னால் அது விடையாகாது. நான்காம் வகுப்பில் காய்ச்சலில் படுத்திருந்தபோது இரவில் எத்தனை முறை எழுந்து வந்தார், மறுநாள் அவர் வேலைக்குப் போனாரா, அந்த வாரம் நான் அவரிடம் என்ன பொய் சொன்னேன் என்று நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். உணர்ச்சியைச் சொல்ல எளிது. நிகழ்ச்சியைச் சொல்லத் தேட வேண்டும். தேடும்போதுதான் எதிரில் இருந்தவர் ஒரு மனிதராகத் தெரியவருகிறார். அவர் எனக்குச் செய்த கெடுதல் என்ன என்ற நான்காவது கேள்வி அதில் இல்லை. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டாம். நாம் எல்லோரும் அதில் தேர்ந்தவர்கள்.

வரவு செலவு நோட்டு எழுதுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது. வழக்கமாக நாம் எழுதுவது நாம் கொடுத்த பணத்தின் கணக்கு. இங்கே எழுதுவது நமக்கு வந்ததன் கணக்கு. வாரப் பயிற்சி முடிந்தவர் தினமும் இரவில் அன்றைய நாளை மட்டும் எடுத்துக்கொண்டு இதே மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளும்படி யோஷிமோதோ வற்புறுத்தினார். நம் ஊரில் ஒரு நாளுக்கு எழுதிப் பாருங்கள். விடியுமுன் பால் பாக்கெட் வாசலில் கிடந்தது. போட்டவர் முகம் தெரியாது. தெருமுனையில் குப்பையை அள்ளிய பெண்ணுக்குக் கையுறை இல்லை. நாம் பிரிக்காமல் கொட்டியதை அவர் கையால் பிரித்தார். பேருந்தில் சில்லறை இல்லாமல் ஏறினோம். நடத்துநர் முணுமுணுத்தபடியே மீதியைத் தேடிக் கொடுத்தார். மதியச் சாப்பாட்டுப் பெட்டியில் காரம் கூடிவிட்டது என்று வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னோம். அதை அடைத்துக் கொடுத்தவர் எப்போது சாப்பிட்டார் என்று கேட்கவில்லை. இந்த நான்கு வரிகளை ஒருவர் நேர்மையாக எழுதினால், அதில் அவருடைய நற்குணங்களின் பட்டியல் எங்கும் இல்லை. ஆனாலும் அவர் எப்படிப்பட்டவர் என்பது தெரிந்துவிடுகிறது.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. அதைச் சொல்லாமல் கடந்தால் தவறு செய்தவனாவேன். அடித்த கணவனுக்கு, சிதைத்த பெற்றோருக்கு, தான் கொடுத்த தொல்லை என்ன என்று ஒருவரை எண்ணிப்பார்க்கச் சொல்வது கொடுமை. நம் வீடுகளில் பெண்பிள்ளைகள் நாள் முழுதும் தம் குறைகளைக் கேட்டே வளர்கிறார்கள்: சிரிப்பு சத்தம், நடை வேகம், உப்பு அதிகம், பதில் பேச்சு. அப்படி வளர்ந்த ஒரு பெண்ணுக்கு இரவில் இன்னொரு குற்றப் பட்டியல் தேவையில்லை. இன்று என்ன நன்மை செய்தேன் என்ற பிராங்க்ளினின் இரவுக் கேள்வி அவளுக்குப் பொருந்தும். அதற்கு அவள் தயங்காமல் நீண்ட விடை எழுதட்டும். அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, மூன்றாவது கேள்வி முதலில் அவருக்குரியது.

உளவியலார் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். தன்னை நினைப்பதெல்லாம் தன்னாய்வு ஆகிவிடாது. நினைத்து நினைத்து மறுகுவதும் உண்டு. சூசன் நோலன்-ஹோக்செமா என்ற உளவியலாளர் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களின் மனநிலையையும், மனம் சோரும்போது அவர்கள் அதை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். முதல்முறை விவரம் கேட்ட இரண்டு வாரத்தில், 1989 அக்டோபர் 17 அன்று, கலிஃபோர்னியாவில் பெரும் நிலநடுக்கம் வந்தது. அவர் மீண்டும் அதே மாணவர்களைச் சந்தித்தார். தன் சோர்வையே திரும்பத் திரும்ப அசைபோடும் பழக்கம் முன்பே இருந்தவர்கள், வாரங்கள் கழிந்த பிறகும் மற்றவர்களைவிட மனத்தளர்ச்சியில் இருந்தார்கள். 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்று மனசுக்குள்ளேயே போட்டு உழப்பிக்கொள்வது வளர்ச்சி தராது.

ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தம் வாழ்வின் வேதனையான நிகழ்ச்சியை, நடந்ததையும் அதுபற்றிய தம் உணர்வையும் சேர்த்து எழுதினார்கள். எழுதிய அன்று மனம் கனத்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது. எழுதியவர்கள் எல்லோருக்கும் ஒரே அளவில் பயன் கிடைத்ததா? 2003-இல் அவரும் ஷெர்லாக் கேம்ப்பெல்லும் பழைய எழுத்துகளை எடுத்துச் சொல் சொல்லாக ஆராய்ந்தார்கள். நலம் அதிகம் பெற்றவர்கள், ஒரு நாளுக்கு ஒரு நாள் தன்மையிலிருந்து படர்க்கைக்கும் படர்க்கையிலிருந்து தன்மைக்கும் இடம்பெயர்ந்து எழுதியவர்கள். 'நான் நான்' என்றே நான்கு நாளும் எழுதியவருக்குப் பயன் குறைவு. ஒருநாள் தன் பக்கத்திலிருந்தும் மறுநாள் அவன், அவள் பக்கத்திலிருந்தும் பார்த்தவருக்கு மிகுதி. மூன்று கேள்விகளால் யோஷிமோதோ மனிதரை இழுத்துக்கொண்டு போனதும் அந்த இடத்துக்குத்தான்.

நம் மரபில் இதற்கு வேர் இருக்கிறதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அயலாரின் குற்றத்தைக் காண்பதுபோல் தன் குற்றத்தைக் காண்பது பற்றித் திருக்குறள் பேசும் இடம் நீங்கள் அறிந்ததே. அது எந்த அதிகாரத்தில் வருகிறது என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. அறிவு பற்றிய அதிகாரத்திலோ துறவு பற்றிய அதிகாரத்திலோ வரவில்லை. புறங்கூறாமை அதிகாரத்தின் இறுதியில், 190-ஆம் குறளாக வருகிறது. இன்னொருவரைப் பற்றி அவர் இல்லாதபோது பேசும் நாக்கை வைத்துத்தான் வள்ளுவர் தன்னாய்வைத் தொடங்குகிறார். பிறர் குற்றத்தை நாம் எவ்வளவு கூர்மையாக, எத்தனை சான்றுகளோடு காண்கிறோம்! அந்தக் கண் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தன் பக்கம் திருப்ப வேண்டும். அரசனுக்கும் அவர் இதே வழியைச் சொல்கிறார். பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில், தவறினால் இடித்துச் சொல்லும் துணை இல்லாத ஆட்சி என்னவாகும் என்று எச்சரிக்கிறார். அரசர்கள் போய்விட்டார்கள். வீட்டுத் தலைவர், தலைமையாசிரியர், துறைத் தலைவர், மேலாளர், மருமகள் வந்த வீட்டு மாமியார் என்று சிறு சிறு ஆட்சிகள் நம்மிடையே நிறைய இருக்கின்றன. அவற்றில் இடித்துச் சொல்வார் எத்தனை பேர்? சொன்னால் என்ன ஆகும் என்பதை எல்லோரும் அறிவார்கள்.

கல்லூரிகளில் பருவ முடிவில் மாணவரிடம் ஆசிரியர் பற்றிக் கருத்துக் கேட்கும் படிவம் இருக்கிறது. பெயர் எழுத வேண்டியதில்லை. தர மதிப்பீட்டுக் குழு வருவதற்காக அதைக் கட்டிவைக்கிறோம், படிப்பவர்கள் குறைவு. படிக்கும் ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். 'கடைசி வரிசையைப் பார்த்துப் பேசுவதே இல்லை' என்ற ஒரு வரியைப் படித்துவிட்டு, அடுத்த பருவத்தில் வகுப்பின் பின்பக்கம் நடந்துபோய்ப் பாடம் நடத்தியவர் ஒருவர் உண்டு. பணிப் பயிற்சி முகாம்கள் பலவற்றால் நிகழாத மாற்றம் அது.

எனவே, நாட்குறிப்பு எழுதுகிற இளைஞர்களுக்கும் எழுத நினைக்கிற பெரியவர்களுக்கும் நடைமுறையில் சில சொல்கிறேன். கேள்வி சிறியதாக இருக்கட்டும். 'நான் எப்படிப்பட்டவன்?' என்று யாரிடமும் கேட்காதீர்கள். பாராட்டோ மழுப்பலோதான் வரும். 'இந்த வாரம் நான் பேசியதில் எது உனக்கு வருத்தம் தந்தது?' என்று கேட்டால் விடை சொல்ல முடியும். கேட்டபின் விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். விளக்கம் சொன்ன நொடியில் மறுமுறை யாரும் வாய்திறக்க மாட்டார்கள். சொன்னதை அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நம் சொற்களுக்கு மாற்றும்போது கூர் மழுங்கிவிடும். பிராங்க்ளினிடம் கடன் வாங்கத்தக்கது ஒன்று உண்டு: ஒரு வாரத்துக்கு ஒன்றே ஒன்று. வந்த குறைகளை எல்லாம் ஒரே மாதத்தில் களையப் புறப்படுகிறவர் மூன்றாம் வாரம் நோட்டை மூடிவிடுவார்.

பிராங்க்ளினின் இளமையில் இன்னொரு நல்ல வழக்கமும் இருந்தது. 1727-இல் தொடங்கிய ஜுன்டோ என்ற நண்பர் குழு வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடும். கூட்டத்தில் கேட்டுக்கொள்ள 24 கேள்விகள் வைத்திருந்தார்கள். குழுவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கைவினைஞர்களும் எழுத்தர்களும். ஒருவரை ஒருவர் வளர்த்தார்கள். அந்தக் கூட்டத்தின் யோசனையிலிருந்தே 1731-இல் பிலடெல்பியாவின் சந்தா நூலகம் பிறந்தது. மாணவர் விடுதிகளில் இப்படி நான்கைந்து பேர் வாரம் ஒருமுறை கூட முடியும். அந்தக் குழுவில் உங்களைப் போலவே பிறந்து, உங்களைப் போலவே படித்தவர்கள் மட்டும் இருந்தால், பிராங்க்ளினின் கையேட்டில் விடுபட்ட வரிசை உங்கள் கையேட்டிலும் விடுபடும். வேறு தெருவிலிருந்து, வேறு சாதியிலிருந்து, வேறு மதத்திலிருந்து வந்தவரையும், ஆண்கள் குழுவானால் பெண்களையும், பெண்கள் குழுவானால் ஆண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் கேட்கும் கேள்வி முதலில் எரிச்சலூட்டும். எரிச்சலூட்டும் கேள்வியை முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

பெரியவர்களே, இந்த அவையில் இருப்பவர்களில் பலர் பிறர் வாழ்வைத் தீர்மானிக்கும் இடத்தில் இருக்கிறீர்கள். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாழும் ஒருவரிடம், மகளோ, மருமகளோ, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவோ, உங்கள் அலுவலக உதவியாளரோ, யாராவது ஒருவரிடம், என்னால் உங்களுக்கு என்ன சிரமம் என்று கேளுங்கள். முதல் நாள் 'ஒன்றுமில்லை' என்றுதான் சொல்வார்கள். அதை நம்பிவிடாதீர்கள். மறுவாரமும் கேளுங்கள். விடை வரும்வரை உங்கள் நாட்குறிப்பில் அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டுவையுங்கள்.